மேல் திருகு முதலில்

ஃபலஜ் அல் கபாயிலில் வெள்ளிக்கிழமை.
பஜ்ர் தொழுகை முடிந்து
செருப்புகள் வீடு திரும்பிவிட்டன.
வெயில் இன்னும் வரவில்லை. வெக்கை மட்டும்
முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது.
பிரிட்ஜ் வந்த அட்டையை வண்டிக்கடியில் விரித்து
மல்லாந்து நுழைகிறேன்.
எபநேசருக்கு இடுப்புவலி,
செல்போன் டார்ச் பிடிக்கும் வேலை அவருக்கு.
அவர் பேசும்போதெல்லாம் வெளிச்சமும் கையாட்டிப் பேசுகிறது,
நான் பார்க்கவேண்டிய இடம் தவிர
மற்றதையெல்லாம் காட்டுகிறது.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு இது?"
நேற்றிரவிலிருந்து மூன்றாம் தடவை.

பின் அச்சின் நடுவே பூசணிக்காய்போல் ஒரு குடுக்கை.
உள்ளே பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்.
வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடவேண்டும்,
உள்சக்கரம் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.
அந்தக் கணக்கை
யாரும் எட்டிப்பார்க்காத இருட்டில் போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு திருகுகள். மேலே ஊற்ற, கீழே வடிக்க.
அவசரக்காரர்கள் கீழதைத் திறந்துவிடுவார்கள்.
எல்லாம் வடிந்தபின் மேலது அசையாது,
வண்டி காலிவயிற்றோடு கிடக்கும்.
உள்ளே போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
வெளியே எடுப்பது.
வார்டிலும் அப்படித்தான்.

அசையவில்லை.
எனக்கு முன்னால் யாரோ, எந்த ஊர்க்காரனோ,
வாழ்நாள் கோபத்தையெல்லாம் சேர்த்து முறுக்கியிருக்கிறான்.
மூலைகள் வேறு தேய்ந்திருக்கின்றன.
பெற்றவளை மட்டும் விட்டுவிட்டு
அவன் வம்சத்தில் மற்ற எல்லாரையும் திட்டினேன்.
சத்தம் கேட்டு அடுத்த வாசலிலிருந்து தாத் கரீம்
இரும்புக் குழாயோடு வந்தார்,
பழைய டிஷ் ஆன்டெனாவின் கால்.
ஸ்பேனர் கைப்பிடியில் செருகி நீட்டினோம்.
"பிஸ்மில்லா" என்றார் அவர்.
"இயேசப்பா" என்றார் இவர்.
நான் காலால் உதைத்தேன்.
டக்.

வடிந்தது: இரண்டரை லிட்டர். கருப்பு.
அழுகிய முட்டையும் கருகிய பூண்டும் சேர்ந்த நாற்றம்.
பதினோரு வருடம் வடிகால் பைகளை
அளந்து எழுதிய கை,
சீட்டு இல்லாமலே எழுதிக்கொள்கிறது.
கீழ்த்திருகின் காந்தத்தில் சாம்பல்நிற மசி.
விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன், வழுவழுப்பு.
சில்லு இல்லை, துணுக்கு இல்லை.
"இந்த வயசுக்கு இது நார்மல்" என்றேன்.
எபநேசர் இடுப்பைப் பிடித்தபடி
"நெஜமாவா?" என்கிறார்.

பம்ப் இல்லை.
வார்டில் தேதி முடிந்து ஒதுக்கிய
உணவூட்டும் சிரிஞ்ச் ஒன்று, அறுபது மில்லி.
உறிஞ்சு, நுழை, அழுத்து.
உறிஞ்சு, நுழை, அழுத்து.
இருபத்தேழில் ஞாபகம் வந்தது,
என் இடத்துக்கு வரும் மையாவுக்கு
எழுதிக்கொடுக்க விட்டுப்போன ஒன்று:
ஒன்பதாம் படுக்கைக்காரரிடம்
இடது காதுப் பக்கம் போய்ப் பேசவேண்டும்.
கையெல்லாம் எண்ணெய்.
எபநேசர் போனைத் தட்டி அனுப்பும்வரை டார்ச் இல்லை.
இருபத்தெட்டும் இருபத்தொன்பதும் இருட்டில் நடந்தன.

நாற்பதுக்குமேல் எண்ணிக்கை தவறியது.
துளையின் விளிம்பில் தேன்நிறத்தில் ஒரு கோடு வழிந்தது.
போதும் என்று வண்டியே சொல்லும் இடம்.

புது வாஷர். முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால் கொஞ்சம்.
குழாயைத் தொடவில்லை.
இன்னும், இன்னும் என்று
தாத் கரீம் மணிக்கட்டைத் திருகிக் காட்டினார்.
இல்லை பாய்.
சொட்டாத அளவுக்கு. அடுத்த ஆள் திறக்கிற அளவுக்கு.

ஞாயிறு காலை சூடானிய வாத்தியார் வருவார்.
டயரை உதைப்பார், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்,
பூசணியைக் குனிந்து பார்க்கமாட்டார்.
முப்பது ரியால் குறைக்கச் சொல்வார்.
குறைப்போம்.

பழைய எண்ணெய் லபான் வாளியில், மூடி அழுத்தியாயிற்று,
நாளை ஒர்க்‌ஷாப் பீப்பாய்க்குப் போகும்.
மூன்று தடவை சோப்புப் போட்டும்
விரலை விட்டுப் போகவில்லை பூண்டு.
இன்றைக்கு நைட் டியூட்டி, கடைசிக்கு முந்தையது.
கையுறைக்குள் தெரியாது.